கோ-எட் என்ற சொல் யாரைக் குறித்தது?

"உங்க பொண்ணு படிக்கிறது கேர்ள்ஸ் ஸ்கூலா, கோ-எட்டா?" தமிழ்நாட்டில் எந்தத் தெருவிலும் காதில் விழக்கூடிய கேள்வி. இங்கே கோ-எட் என்றால் பள்ளி, அல்லது கல்லூரி. ஆணும் பெண்ணும் ஒரே வகுப்பில் உட்கார்ந்து படிக்கிற இடம். இந்தப் பழக்கத்தோடு 1930களின் அமெரிக்கச் செய்தித்தாள் எதையாவது புரட்டினால் சீக்கிரமே தடுக்கும். கோ-எட் ஒருத்தி அழகிப் பட்டம் வென்றாள் என்று இருக்கும். கோ-எட்டுகள் நால்வர் கார் விபத்தில் காயம் என்று இருக்கும். பள்ளிக்கூடம் எப்படிக் காயப்படும்? அங்கே அந்தச் சொல் பெண்ணைக் குறித்தது. இருபாலரும் படிக்கிற கல்லூரியில் படிக்கும் பெண்ணை மட்டும். பக்கத்து பெஞ்சில் அதே பாடத்தைப் படித்துக்கொண்டிருந்த ஆணுக்கு அந்தப் பெயர் கிடையாது. அவன் மாணவன், அவ்வளவுதான்.

இன்றைய ஆங்கில அகராதிகள் இந்தப் பொருளுக்குப் பக்கத்தில் 'பழைய வழக்கு' என்று ஒரு குறிப்புப் போட்டுவிட்டு நகர்ந்துவிடுகின்றன. அது போதாது என்பது என் உறுதியான எண்ணம். கிராமபோன், தந்தி போன்ற சொற்களும் பழைய வழக்குதான்; அவை குறித்த பொருள் மறைந்தது, சொல்லும் கூடவே போனது. கோ-எட் அப்படிப் போகவில்லை. அது குறித்த ஆட்கள் முன்பைவிடப் பல மடங்கு பெருகிய காலத்தில்தான் சொல் செத்தது. கல்லூரியில் பெண்கள் சிறுபான்மையாக இருந்தவரை தழைத்து, அவர்கள் பெரும்பான்மையாகும் வேளையில் உதிர்ந்த சொல் அது. அதன் உள்ளே இருந்த பொருள் என்ன என்பதை அந்தக் கணக்கே காட்டுகிறது.

முதலில் சொல்லின் உடற்கூறு. 'கோ' என்ற முன்னொட்டுக்குச் சேர்ந்து, கூட என்று பொருள். 'கோ-எஜுகேஷன்' என்பது 19ஆம் நூற்றாண்டின் நடுவில் அமெரிக்காவில் புழக்கத்துக்கு வந்தது; ஆண், பெண் இருவரையும் சேர்த்து வைத்துக் கற்பிக்கும் முறைக்கு அது பெயர். 1880களில் அது கோ-எட் என்று சுருங்கியது. சுருங்கியபோதும் முதலில் முறையையும் கல்லூரியையும்தான் சுட்டியது. அப்புறம் ஒரு படி இறங்கி, அந்தக் கல்லூரியில் படிக்கும் ஆளைச் சுட்ட ஆரம்பித்தது. அடைமொழி தனியாக நின்று பெயராவது எந்த மொழியிலும் நடப்பதுதான். மொபைல் போன் நம் வாயில் வெறும் மொபைல் ஆன மாதிரி. ஆனால் ஆளுக்கு இறங்கியபோது இரண்டு பேருக்கும் சமமாக இறங்கியிருக்க வேண்டும். சேர்ந்து படிப்பவர்கள் இருவர் அல்லவா? இறங்கியது ஒருவருக்கு மட்டும்.

காரணம் புரிய நாம் வெகுதூரம் போக வேண்டாம். லேடி டாக்டர், பெண் போலீஸ் என்கிறோம். ஆண் டாக்டர் என்று யாரும் பெயர்ப்பலகை மாட்டுவதில்லை. எந்த இடம் யாருடையது என்று மனத்தில் ஏற்கெனவே எழுதியிருக்கிறதோ, அந்த ஆளுக்கு அடைமொழி தேவைப்படாது. பின்னால் வந்தவருக்குத்தான் தேவைப்படும். அமெரிக்கக் கல்லூரி ஆணுடையது என்று எழுதியிருந்தது. பெண் வந்த பிறகுதான் அது 'சேர்ந்து படிக்கும்' இடமாயிற்று. ஆகவே அந்தச் சேர்க்கைக்கு அவளே காரணம், அவளே அடையாளம், பெயரும் அவளுக்கே. லேடி டாக்டரிலாவது டாக்டர் என்ற சொல் மிஞ்சுகிறது. கோ-எட்டில் மாணவர் என்ற பகுதியே காணாமல் போய்விட்டது. படிக்க வந்த பெண்ணுக்கு வைத்த பெயரில், ஆணோடு சேர்ந்து இருப்பவள் என்ற சேதி மட்டும் நின்றது.

ஓபர்லினிலிருந்து

ஒஹையோ மாநிலத்தின் ஓபர்லின் கல்லூரி 1833இல் தொடங்கியது. தொடக்கத்திலிருந்தே பெண்கள் உண்டு; ஆனால் அவர்களுக்குத் தனியாக ஒரு பெண்கள் படிப்பு, பட்டம் கிடையாது. 1837இல் நான்கு பெண்கள் கிரேக்கமும் லத்தீனும் அடங்கிய முழுப் பட்டப்படிப்பில் சேர்ந்தார்கள். அவர்களில் மேரி ஹாஸ்ஃபர்ட், எலிசபெத் பிரால், கேரலைன் மேரி ரட் ஆகிய மூவர் 1841இல் ஆண்களுக்குத் தரும் அதே இளங்கலைப் பட்டத்தைப் பெற்றார்கள். அமெரிக்காவில் இருபாலர் உயர்கல்வியின் முதல் பக்கம் இதுதான். 1862இல் மேரி ஜேன் பாட்டர்சன் அதே கல்லூரியில் பட்டம் பெற்றார். இளங்கலைப் பட்டம் பெற்ற முதல் கறுப்பினப் பெண்மணி என்று அறியப்படுபவர் அவர்.

அந்த முதல் பக்கத்தையும் கிட்டத்தில் வைத்துப் பார்க்க வேண்டும். ஓபர்லின் மாணவர்கள் எல்லோரும் நாளில் சில மணி நேரம் உடலுழைப்புச் செய்ய வேண்டும் என்பது விதி. ஆண்களுக்கு வயல்வேலை. பெண்களுக்குச் சமையல், பரிமாறல், ஆண் மாணவர்களின் துணிகளைத் துவைப்பது, கிழிசல் தைப்பது. பட்டமளிப்பு நாளில் பட்டம் பெறும் ஆண் தன் கட்டுரையை மேடையில் தானே பேசுவான். பெண் எழுதிய கட்டுரையைப் பேராசிரியர் வாசிப்பார். ஆண்களும் உட்கார்ந்திருக்கும் சபையில் பெண் பேசுவது தகாது என்றார்கள். 1847இல் லூசி ஸ்டோனுக்கு அப்படி ஒரு கட்டுரை எழுதும் பெருமை கொடுக்கப்பட்டது. நான் வாசிக்க முடியாததை நான் எழுதப்போவதில்லை என்று மறுத்துவிட்டார். பின்னாளில் பெண்ணுரிமைக்காக நாடு முழுக்க மேடையேறிப் பேசியவர் அவர். கோ-எட் என்ற சொல் பிறக்க இன்னும் முப்பது, நாற்பது ஆண்டு இருந்தது. அந்தச் சொல் சொல்லப்போகிற சேதி மட்டும் அங்கேயே இருந்தது: நீ உள்ளே வரலாம், இடம் உன்னுடையது இல்லை.

உள்நாட்டுப் போர் முடிந்தபின் கதவுகள் வேகமாகத் திறந்தன. மிச்சிகன் பல்கலைக்கழகம் 1870இல், கார்னெல் 1872இல். திறந்த வேகத்திலேயே எதிர்ப்பும் எழுந்தது. 1873இல் பாஸ்டன் மருத்துவர் எட்வர்ட் கிளார்க், ஆண்களைப் போலப் படித்தால் பெண்ணின் உடல்வலு மூளைக்குப் போய்விடும், கருப்பை கெடும் என்று புத்தகம் எழுதினார், பரவலாக விற்றது. பட்டதாரிப் பெண்களின் சங்கம் தன் உறுப்பினர்களிடமே உடல்நலக் கணக்கெடுத்து 1885இல் வெளியிட்டுப் பதில் சொல்ல வேண்டியிருந்தது. படித்தும் அவர்கள் உடம்பு நன்றாகவே இருந்தது என்பதுதான் அந்தக் கணக்கின் சாரம்.

வந்த பெண்கள் நன்றாகப் படித்தது இன்னொரு சிக்கலைக் கொண்டுவந்தது. கனெக்டிகட்டின் வெஸ்லியன் பல்கலைக்கழகம் 1872இல் பெண்களைச் சேர்த்தது. ஆண் மாணவர்களும் பழைய மாணவர்களும் விடாமல் எதிர்த்ததில் 1912இல் கதவைச் சாத்திவிட்டது, 1970இல்தான் முழுதாகத் திறந்தது. ஸ்டான்ஃபர்ட் 1891இல் தொடங்கும்போதே இருபாலர் கல்லூரி. பெண்களின் விகிதம் மளமளவென்று ஏறவே, இது பெண்கள் கல்லூரியாகிவிடுமோ என்று பயந்து, அதை நிறுவியவர்களில் ஒருவரான ஜேன் ஸ்டான்ஃபர்ட் 1899இல் பெண்கள் ஒருபோதும் 500 பேருக்கு மேல் போகக் கூடாது என்று வரம்பு போட்டார். 1933இல் அறங்காவலர்கள் அதற்கு விகிதம் என்று புதுப்பொருள் சொல்லித் தளர்த்தினார்கள். ஆவணத்திலிருந்து அது நீங்க 1973 ஆயிற்று. சிகாகோ பல்கலைக்கழகம் 1892இல் இருபாலராகத் தொடங்கி, 1902இல் முதல் இரண்டாண்டு வகுப்புகளை மட்டும் ஆண், பெண் என்று பிரித்தது.

கோ-எட் என்பது ஆளின் பெயராக ஊன்றியது இந்த வரம்புகளின் காலத்தில்தான். கார்னெலில் அந்தச் சொல்லை உச்சரித்த தொனி பற்றி நிறைய பதிவுகள் உண்டு. அங்கே ஆண் மாணவன் தன் வகுப்பு கோ-எட்டோடு பழகினால் அவனுடைய மதிப்புக் குறையும். விருந்துக்கும் நடனத்துக்கும் வெளியூர்ப் பெண்கள் கல்லூரியிலிருந்து துணை அழைத்துவருவதுதான் கௌரவம். இந்த மனப்பான்மைக்கே தனிப்பெயர் இருந்தது, கோ-எட் எதிர்ப்பு என்று. எதிர்த்தது பெண்களை மொத்தமாக அல்ல, தங்களோடு ஒரே தேர்வெழுதிய பெண்களை.

நாலு எழுத்து

1920களில் தொனி மாறுகிறது. 1920 வாக்கில் அமெரிக்கக் கல்லூரி மாணவர்களில் ஏறத்தாழ 47 விழுக்காடு பெண்கள். கேலிப்பெயராக இருந்தது கவர்ச்சிப்பெயராக ஆனது. குட்டை முடி, கால்பந்து மைதானம், ரக்கூன் தோல் கோட்டு என்று ஒரு படம் உருவாயிற்று. துணிக்கடைகள் ஆகஸ்ட் மாதம் கோ-எட் உடுப்புகள் என்று தனிப்பகுதி போட்டன. கல்லூரி திறக்கும் முன் வாங்கியாக வேண்டுமே. படிப்பு அந்தப் படத்தில் எங்கும் இல்லை. கோ-எட் எதைப் படிக்கிறாள் என்று எந்த விளம்பரமும் சொன்னதில்லை.

சொல் இவ்வளவு காலம் தாக்குப்பிடித்ததற்குச் செய்தித்தாள் மேசையில் ஒரு நடைமுறைக் காரணமும் உண்டு என்று நினைக்கிறேன். ஈய எழுத்து அச்சில் ஒற்றைப் பத்தித் தலைப்பு என்றால் ஒரு வரிக்குப் பத்துப் பன்னிரண்டு எழுத்துக்கு மேல் கொள்ளாது. 'உமன் ஸ்டூடன்ட்' ஆங்கிலத்தில் இடைவெளியோடு 13 எழுத்து. ஒரு வரியை முழுக்க விழுங்கிவிடும். கோ-எட் இடைக்கோடு இல்லாமல் எழுதினால் நாலே எழுத்து. அதில் பெண், இளம் வயது, கல்லூரி என்று மூன்று சேதி. அதனால்தான் குற்றச் செய்தியில் அது கடைசிவரை ஒட்டிக்கொண்டிருந்தது. 1967 முதல் 1969 வரை மிச்சிகனில் ஆன் ஆர்பர், இப்சிலான்டி பகுதியில் நடந்த கொலைகளைக் கோ-எட் கொலைகள் என்றார்கள். 1972, 73இல் கலிஃபோர்னியாவின் சான்ட்டா குரூஸ் பக்கம் பெண்களைக் காரில் ஏற்றிக்கொன்ற எட்மண்ட் கெம்பருக்குக் கோ-எட் கொலைகாரன் என்றே பெயர் விழுந்தது, இன்றைக்கும் அப்படியே எழுதுகிறார்கள். கல்லூரிகள் கைவிட்ட பொருளை, கொலையுண்ட பெண்களின் மேல் மட்டும் விட்டுவைத்திருப்பது எனக்கு நெஞ்சை உறுத்துகிறது. அவர்களுக்குப் பெயர்கள் இருந்தன, படித்த பாடங்கள் இருந்தன.

நடுவில் எண்ணிக்கையில் ஒரு சரிவு. இரண்டாம் உலகப்போர் முடிந்து திரும்பிய வீரர்களுக்கு 1944ஆம் ஆண்டுச் சட்டம் அரசு செலவில் கல்லூரிப் படிப்பு தந்தது. லட்சக்கணக்கில் ஆண்கள் வந்தார்கள். 1950 வாக்கில் பெண்களின் பங்கு 30 விழுக்காட்டுக்குப் பக்கத்தில் இறங்கிவிட்டது. கோ-எட் என்ற சொல் மிக அதிகம் இனித்தும் குழைந்தும் ஒலித்தது அந்தப் பத்தாண்டில்தான் என்பது தற்செயலாக எனக்குத் தோன்றவில்லை.

அந்த இனிப்புக்குக் கீழே இருந்த விதிகளையும் பார்க்க வேண்டும். பெண்கள் விடுதிக்கு வார நாட்களில் இரவு பத்து, பத்தரைக்குள் திரும்பியாக வேண்டும். வாரக்கடைசியில் நள்ளிரவோ ஒரு மணியோ. வெளியே போகும்போது வாசலில் அட்டையில் பெயர், போகும் இடம், யாரோடு, திரும்பும் நேரம் எழுத வேண்டும். தாமதமான நிமிடங்களைக் கூட்டிக்கொண்டே வருவார்கள். குறிப்பிட்ட அளவைத் தாண்டினால் வாரக்கடைசி முழுக்க வளாகத்தை விட்டு வெளியேறத் தடை. ஆண்கள் விடுதிக்குப் பெரும்பாலும் இதில் எதுவும் இல்லை. பெண்கள் உள்ளே அடங்கிவிட்டால் ஆண்களும் தானாக அடங்குவார்கள் என்பது கணக்கு. பெற்றோரின் இடத்தில் கல்லூரி நிற்கிறது என்பது சட்ட நியாயம். 1961இல் அலபாமா வழக்கொன்றில், விசாரணை இன்றி மாணவர்களை வெளியேற்ற அரசுக் கல்லூரிக்கு உரிமையில்லை என்று மேல்முறையீட்டு நீதிமன்றம் சொன்னது. உணவகத்தில் சம உரிமை கேட்டு உட்கார்ந்த கறுப்பின மாணவர்களின் வழக்கு அது. அதிலிருந்து பெற்றோர் இடம் என்ற நியாயம் ஆட்டங்கண்டது. பத்தாண்டுக்குள் பெண்களின் இரவு மணியும் அநேக இடங்களில் ஒழிந்தது.

படகுத்துறையில் இல்லாத குழாய்

சொல்லின் திருப்பம் 1969இலிருந்து 1972க்குள் நடக்கிறது. 1969இல் யேல், பிரின்ஸ்டன் இரண்டும் இளநிலைப் படிப்புக்குப் பெண்களைச் சேர்த்தன. அதே ஆண்டு, பெண்கள் கல்லூரியாக இருந்த வாசர் ஆண்களைச் சேர்த்தது. இங்கே ஒரு நிமிடம் நிற்கலாம். கோ-எட் என்பது பின்னால் வந்து சேர்ந்தவரின் பெயர் என்றால், வாசரில் அந்தப் பெயர் ஆண்களுக்குப் போயிருக்க வேண்டும். அகராதிகள் அசையவில்லை, பெண் என்றே வைத்திருந்தன. அதற்குள் அந்த ஒட்டே பெண்ணைக் குறிப்பதாக ஆகிவிட்டிருந்தது. 1972இல் பெண்களைச் சேர்த்த டார்ட்மவுத்தில் சில ஆண் மாணவர்கள் அந்தக் 'கோ'வையே எடுத்து ஒரு கடற்சிப்பியின் பெயரோடு ஒட்டிப் பெண்களுக்கு அசிங்கமான வசைச்சொல் கட்டினார்கள். சேர்ந்து என்ற பொருளுள்ள முன்னொட்டு ஒரு பாலின் அடையாளமாகவே காதில் விழுந்துகொண்டிருந்தது என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று வேண்டாம்.

யேலுக்கு அந்த முதல் ஆண்டில் வந்த பெண்கள் 575 பேர். முதலாண்டு 230, மற்ற கல்லூரிகளிலிருந்து இடம் மாறி வந்தவர்கள் 345. நாலாயிரத்துக்கும் மேற்பட்ட ஆண்கள் நடுவே. ஆண்டுக்கு ஆயிரம் ஆண் தலைவர்களை உருவாக்குவோம் என்ற பழைய உறுதியைக் கல்லூரி கைவிடாததால், ஆண்களுக்கு ஆயிரம் இடம் போக மிஞ்சியதே பெண்களுக்கு. இடம் மாறி வந்தவர்களைப் பன்னிரண்டு விடுதிகளுக்கும் பங்கிட்டார்கள். ஒவ்வொன்றிலும் முப்பது பேருக்குக் கீழே. சாப்பாட்டு மேசையில் ஒரு பெண், சுற்றிலும் ஆண்கள். வகுப்பில் எதைப் பேசினாலும், பெண்களின் கருத்து என்ன என்று அவளைக் கேட்பார்கள். சேர்ப்பது ஒரு கையெழுத்தில் முடிந்துவிடும். சேர்ந்த பிறகு ஒவ்வொரு கட்டடமும், ஒவ்வொரு கால அட்டவணையும், ஒவ்வொரு குழாயும் மாற வேண்டும். அங்கேதான் எல்லாம் நின்றுபோகும்.

குழாய் என்று உவமையாகச் சொல்லவில்லை. யேலின் பெண்கள் துடுப்புப் படகு அணி ஆண்கள் அணி பயிற்சி செய்யும் அதே ஆற்றில், ஹூசடானிக்கில், பயிற்சி செய்தது. படகுத்துறைக் கட்டடத்தில் ஆண்களுக்கு வெந்நீர்க் குளியலறை இருந்தது, பெண்களுக்கு இல்லை. குளிர்காலப் பயிற்சி முடிந்து, தெறித்த நீரும் வியர்வையும் உடம்பில் காய, ஆண்கள் குளித்துவிட்டு வரும்வரை பெண்கள் பேருந்தில் உட்கார்ந்திருக்க வேண்டும். இருபாலருக்கும் ஒரே பேருந்து. பலமுறை கேட்டும் நடக்கவில்லை. 1976 மார்ச் 3ஆம் தேதி அணித்தலைவி கிறிஸ் எர்ன்ஸ்ட்டும் அணியினரும், மொத்தம் 19 பேர், பெண்கள் விளையாட்டுப் பொறுப்பாளரின் அலுவலகத்துக்குப் போய் மேலாடையைக் கழற்றி நின்றார்கள். மார்பிலும் முதுகிலும் நீலமையில் 'டைட்டில் நைன்' என்று எழுதியிருந்தது. எர்ன்ஸ்ட் ஓர் அறிக்கையை வாசித்தார். செய்தியாளரும் புகைப்படக்காரரும் உடன் இருந்தார்கள். மறுநாள் செய்தி நாடெங்கும் பரவியது. பெண்களுக்கான குளியலறை பின்னர் கட்டப்பட்டது. எர்ன்ஸ்ட் அதே ஆண்டு ஒலிம்பிக்கில் துடுப்புப் போட்டார்.

டைட்டில் நைன் என்பது 1972ஆம் ஆண்டுக் கல்விச் சட்டத்திருத்தத்தின் ஒன்பதாம் பகுதி. மத்திய அரசின் பணம் பெறும் கல்வித் திட்டங்களில் பால் அடிப்படையில் யாரையும் விலக்கக் கூடாது என்பது அதன் சாரம். தனியார் இளநிலைக் கல்லூரிகளின் சேர்க்கைக்கு அதில் விலக்கு உண்டு. அதனால்தான் இன்றும் அங்கே பெண்கள் கல்லூரிகள் சட்டப்படி நடக்கின்றன. பலர் இதைத் தவறாகவே புரிந்துகொள்கிறார்கள், டைட்டில் நைன் வந்ததால்தான் யேல் திறந்தது என்று எழுதுகிறார்கள். யேல் திறந்தது மூன்றாண்டு முன்னால். சட்டம் பெரிதாக மாற்றியது உள்ளே வந்த பின் நடப்பதை.

இந்த இடைவெளியில் சொல்லும் இடம் மாறிவிட்டது. 1970 நவம்பரில் லைஃப் இதழின் அட்டையில் வந்தது கோ-எட் விடுதி. ஆணும் பெண்ணும் ஒரே கட்டடத்தில் தங்கும் விடுதி. இதழ் போய்ப் பார்த்த கல்லூரி ஓபர்லின். 1837இல் நான்கு பெண்கள் சேர்ந்த அதே ஓபர்லின். அந்தத் தலைப்பில் கோ-எட் என்பது பெண் இல்லை. கட்டடம். உள்ளே இருக்கும் இருவரும் அதில் அடக்கம். சுருங்கிய காலத்தில் இருந்த முதல் பொருளுக்கே சொல் திரும்பிப் போயிற்று. 1970களில் பெண்ணியக் குரல்கள் ஆளைச் சுட்டும் வழக்கைக் கண்டித்தன, பத்திரிகைகளின் நடைக் கையேடுகள் மாணவர் என்றே எழுதச் சொல்லின, பால் தேவைப்பட்டால் பெண் மாணவர் என்று. 1979இல் அமெரிக்க உயர்கல்வியில் பெண்கள் எண்ணிக்கையில் ஆண்களைத் தாண்டினார்கள். வகுப்பில் பாதிக்கு மேல் இருப்பவரைக் கூடவந்தவர் என்று கூப்பிட இனி யாருக்கும் வாய் வராது.

உரிச்சொல்லின் இன்றைய வேலை

இன்று அமெரிக்காவில் கோ-எட் அதிகம் கேட்பது விளையாட்டு மைதானத்தில். அங்கே அது மிகத் துல்லியமான விதிகளாக இறங்கியிருக்கிறது. பேஸ்பாலின் தம்பியான சாஃப்ட்பாலில், பந்தை மெதுவாக வீசும் ஸ்லோ-பிட்ச் வகையின் கோ-எட் ஆட்டத்தில், களத்தில் பத்துப் பேர், ஐந்து ஆண், ஐந்து பெண். அடிக்கும் வரிசை மாறி மாறி வரும். பெண் அடிக்க வரும்போது 11 அங்குலச் சுற்றளவுப் பந்து, ஆணுக்கு 12. இதில் விளைந்த ஒரு தந்திரம்: நன்றாக அடிக்கும் ஆண் வந்தால் வேண்டுமென்றே தவறாக வீசி, அவனை ஒரு 'பேஸ்'க்கு, அதாவது ஓடிச் சேர வேண்டிய அடுத்த இடத்துக்கு, இலவசமாக நடக்கவிட்டு, அடுத்து வரும் பெண்ணை ஆட்டமிழக்கச் செய்வது. அதைத் தடுக்க, அப்படி நடக்கவிடப்பட்ட ஆணுக்கு இரண்டு பேஸ்; இருவர் ஆட்டமிழந்திருந்தால் அடுத்த பெண் அடிக்கவும் செய்யலாம், தானும் நடக்கலாம். வாலிபாலிலும் இதே கதை. ஓர் அணி பந்தை ஒருமுறைக்கு மேல் தொட்டால் அதில் ஒரு தொடுதலாவது பெண்ணுடையதாக இருக்க வேண்டும். தடுப்பில் படுவது கணக்கில் வராது. அந்த விதி இல்லாவிட்டால் மூன்று தொடுதலையும் ஆண்களே எடுத்துக்கொள்வார்கள், பெண்கள் வலைக்குப் பக்கத்தில் நின்றுகொண்டிருப்பார்கள். சேர்த்து நிறுத்துவது வேறு, பந்து கைக்கு வருவது வேறு என்று தெரிந்தவர்கள் எழுதிய விதி இது.

விடுதிகளிலும் கழிப்பறைகளிலும் இந்த உரிச்சொல்லும் மெல்லப் பின்வாங்குகிறது. இரண்டே பால் என்று எண்ணிய காலத்துச் சொல் அது. எல்லாப் பாலினருக்கும் என்ற தொடர்கள் அதன் இடத்துக்கு வருகின்றன.

படிக்கும்போதும் பெயர்க்கும்போதும்

பழைய ஆவணத்தில் இந்தச் சொல் கண்ணில் பட்டால் முதலில் பார்க்க வேண்டியது அதன் இலக்கணம். பின்னால் வேறு பெயர்ச்சொல் இல்லாமல், முன்னால் ஆங்கிலத்தின் ஒருமை 'எ' (a) என்றோ, கடைசியில் பன்மை 'ஸ்' (s) என்றோ இருந்தால் அது பெண். பின்னால் விடுதி, கல்லூரி, அணி என்று பெயர்ச்சொல் வந்தால் அது இருபாலர். 'வென்ட் கோ-எட்' என்று வினையோடு வந்தால் நிறுவனம் கதவு திறந்த செய்தி. தேடுபொறியில் தேடுகிறவர்களுக்கு இரண்டு குழி உண்டு. நூற்பட்டியல்களில் இணைப்பதிப்பாசிரியர் என்பதை இதே எழுத்தில் புள்ளி வைத்துச் சுருக்குவார்கள். வேல்ஸ் மொழியில் இதே நாலு எழுத்துக்குக் காடு என்று பொருள். பெட்டஸ்-அ-கோய்ட் போன்ற ஊர்ப்பெயர்கள் வந்து குவியும்.

தமிழில் பெயர்ப்பதுதான் கடினம். நம்மிடம் சொல் இல்லாமலில்லை. தமிழ்நாட்டில் இருபாலர் பள்ளி. இலங்கையில் கலவன் பாடசாலை. அ.த.க. பாடசாலை என்று பெயர்ப்பலகையில் சுருக்கி எழுதியிருப்பதில் க என்பது கலவன்தான், அரசினர் தமிழ்க் கலவன் பாடசாலை. இரண்டு சொல்லும் இடத்தைக் குறிப்பவை. ஆளின் மேல், அதுவும் ஒரு பாலின் மேல் மட்டும், இறங்கியதில்லை. ஆகவே உரிச்சொல்லுக்கு இவை அப்படியே பொருந்தும். பெயர்ச்சொல்லுக்குத்தான் கை நிற்கும். மாணவி என்று போட்டால் பொருள் தவறில்லை. ஆனால் மாணவன், மாணவி இரண்டும் ஒரே வேரில் கிளைத்து இணையாக நிற்கும் சொற்கள். மாணவி என்பதில் படிப்பு முழுசாக இருக்கிறது, அவள் யாரோடும் ஒட்டியவள் இல்லை. 'இரண்டு மாணவர்கள், ஒரு கோ-எட் காயம்' என்ற அமைப்பில் அன்று எழுதிய தலைப்பை, இரண்டு மாணவர்களும் ஒரு மாணவியும் காயம் என்று எழுதினால் தமிழில் தராசு நேராக நிற்கிறது. மூலத்தில் அது சாய்ந்திருந்தது. மூன்றாமவளுக்கு மாணவர் என்ற சொல் தரப்படவில்லை.

அந்தச் சாய்வு வாசகருக்குத் தேவைப்படாத இடத்தில், ஒரு விபத்துச் செய்தியைச் சும்மா சொல்லிப்போகும் இடத்தில், மாணவி போதும். கதையில் ஒருவன் அந்தச் சொல்லை வாயில் வைத்துப் பேசும் இடத்தில் மாணவி என்று எழுதக் கூடாது, பேசுகிறவன் நல்லவனாகிவிடுவான். அங்கே கோ-எட் என்றே தமிழ் எழுத்தில் விட்டுவிட வேண்டும். நம் வாசகர் அதைப் பள்ளிக்கூடமாக எடுத்துக்கொள்வார் என்பதால், முதல்முறை வரும் வாக்கியத்திலேயே 'கோ-எட் ஒருத்தி' என்று பாலைக் காட்டிவிட்டால் போதும், அடிக்குறிப்பு வேண்டாம். 1890களின் கார்னெல் என்றால் அந்த 'ஒருத்தி'யில் ஏளனம் ஒலிக்க வேண்டும், 1950களின் துணிக்கடை விளம்பரம் என்றால் குழைவு. 1970க்குப் பிந்திய பிரதியில் அதே சொல் வந்தால், பேசுகிறவருக்கு எத்தனை வயது என்று ஒருமுறை பார்த்துவிட்டு எழுத வேண்டும்.